புள்ளத்தாச்சி மிஷின்

அன்பு நண்பனே,

இன்று காலை சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் சூடான தூசியின் வாடை அடித்தது. ஓரத்தில் இருக்கும் அந்தப் பழைய சர்வர்தான். விசிறி கரகரக்கிறது. நீ இருந்திருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு நேரே போய் அதன்மேல் கைவைத்துப் பார்த்திருப்பாய். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த சர்வருக்குள், மென்பொருளாலேயே ஆன ஒரு மெய்நிகர் கணினி ஓடுகிறது. அதற்குள் இன்னொன்று. சுரங்கத்தின் அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் தண்ணீரை இறைக்கிற பம்புகளை இரவு பகலாகக் கவனிப்பது அந்த உள்கணினிதான். பழைய மென்பொருள் வேறெதிலும் ஓடாது என்று பெட்டிக்குள் பெட்டியாக வைத்தவன் நீ. உனக்குப் பிறகு அதை யாரும் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்பதும் யாருக்கும் தெரியாது. சர்வர் படுத்துவிடுவதற்குள் அதை ஓட ஓடவே புது சர்வருக்கு மாற்றியாக வேண்டும்.

ஓட ஓட மாற்றுவது நமக்குப் புதிதில்லை. நினைவகத்தை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகலெடுத்து, கடைசியில் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து அங்கே எழுப்பிவிடுவோம். உனக்கு நினைவிருக்கும், உள்ளுக்குள் ஒன்று ஓடும் கணினியை முதன்முதலில் மாற்றிப் பார்த்த நாள். சோதனைக் கணினிதான். மாற்றம் முடிந்ததென்று திரையில் பச்சை விளக்கு வந்ததும் நான் டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன். நீ எழுந்திருக்கவில்லை.

"உள்ள பாருடா மொதல்ல. வூடு நின்னுகினு இருந்தா ஆள் உசுரோட இருக்கான்னு அர்த்தமா?"

உள்கணினியில் ஒரு சின்ன நிரலை ஓடவிட்டிருந்தாய். நொடிக்கு ஒரு வரி எழுதும். அதற்கு நாடி என்று பெயர் வைத்திருந்தாய். அது நின்றுபோயிருந்தது. வெளிக்கணினி மட்டும் நலமாக இருந்தது. தனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்த நிலை கூடவே வந்து சேராததால், வயிற்றில் சுமந்ததை மறந்து கண்விழித்த தாயைப் போல அது பச்சை காட்டியது. உன் முகம் வெளுத்துவிட்டது. "சோதனைதானே, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சீண்டினேன். நீ சிரிக்கவில்லை.

"எங்க ஊர சொரங்கத்துக்கு எடுத்தப்ப நான் எங்கம்மா வயித்துல. புள்ளத்தாச்சி இருக்குற வூட்ட மாத்தக் கூடாதும்பாங்க. மாத்தித்தான் ஆவணும்னு ஆயிப்போச்சி. நான் பொறக்குற வரைக்கும் அம்மா வயித்துல கைய வெச்சிகினே இருந்துச்சாம்" என்றாய்.

அதிலிருந்து அத்தகைய கணினிகளுக்குப் புள்ளத்தாச்சி மிஷின் என்றே பெயராகிவிட்டது. எதை மாற்றுவதானாலும் "உள்ள புள்ள இருக்குதா?" என்று முதலில் கேட்பாய். இருந்தால், உள்ளதை முறையாக நிறுத்திய பிறகுதான் வெளியதைத் தொடுவோம்.

குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் உன்னைக் கடைசியாக ஏற்றிவிட்டவன் நான்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாய். ஊர் வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் நீ சாய்ந்தபடியே இருந்தாயாம். தூங்குகிறாய் என்று நினைத்து கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். வழியில் எந்த இடத்தில் உன் உயிர் போனது என்று இன்றுவரை தெரியாது. பஸ் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து எனக்குப் பச்சை விளக்கைக் கண்டாலே பயம்.

புது மென்பொருள் உள்ளே ஓடுவதன் நிலையையும் சேர்த்தே எடுத்துப் போகுமாம். நீ பார்க்காத வசதி. இரண்டு பக்கமும் அதைப் போட்டு, சோதனைக் கணினிகளை ஏற்கெனவே திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தோம். எதிலும் நாடி நிற்கவில்லை. ஆனால் இன்றைக்கு இது நீ வைத்த பெட்டி. பொத்தானை அழுத்தினேன். பச்சை வந்தது. பக்கத்தில் நின்ற மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்து, டீ சொல்லிவிட்டார்.

"உள்ள பாக்கணும் சார்" என்றேன்.

உள்கணினியின் திரையைத் திறந்தேன். கறுப்பாக இருந்தது. பம்புகளை நினைத்தேன், உன் ஜன்னல் சீட்டை நினைத்தேன். என் மணிக்கட்டை நானே இறுகப் பிடித்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. பிறகு ஒரு வரி வந்தது. அடுத்த வரி. பம்புகளின் கணக்குகளும் ஒவ்வொன்றாக வந்தன. அதிலும் நீ எழுதி வைத்த நாடி ஓடுகிறது.

மேனேஜர் போய்விட்டார். டீ ஆறிவிட்டது. நான் இன்னும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உன் பயத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. சாயங்காலம் பஸ் ஏற வேண்டும். பக்கத்து சீட்டில் யாராவது தூங்கினால் வழக்கம்போல எழுப்பிவிடுவேன். திட்டுவார்கள். திட்டுகிற குரல் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.