ஒரு காது வெளியில்

நேற்றுப் பின்னேரம் நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். சிரிக்காதேயும். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் அறைக்குள் ஒரு சுவிட்சைப் போட்டாள், அவ்வளவுதான். எப்போது கத்தியைப் போட்டேன், எப்போது குனிந்தேன் என்று எனக்கே தெரியாது. கொழும்பில் யாரோ கழித்துவிட்ட பழைய சேர்வர் ஒன்றை மலிவாக வாங்கி வந்து, அதைக் கேம் விளையாடும் கொம்பியூட்டராக மாற்றுகிறாளாம். அதன் விசிறிகள் ஒன்றாய் இரைந்த இரைச்சல் என்னை வவுனியாவிலிருந்து தூக்கிக்கொண்டுபோய், கிளிநொச்சியில் நீரும் நானும் ரீச்சர்களாய் நடத்திய கொம்பியூட்டர் வகுப்பறையில் போட்டது.

சண்டையால் வன்னிக்கு வரும் பாதை பூட்டிய காலம். நிவாரண அலுவலகம் ஒன்று மூட்டை கட்டும்போது விட்டுப்போன சேர்வரை நீர் உழவு மெசினில் ஏற்றி வந்தீர். குண்டுவீச்சுத் தொடங்கியதிலிருந்து வகுப்பில் பாதிக் கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன.

"கேம் போட்டால் பிள்ளையள் வருங்கள். வந்தால் கொஞ்சம் படிக்குங்கள்" என்றீர்.

"இந்த நேரத்தில பிள்ளையளை ஒரு இடத்தில கூட்டுறது நல்லதோ?" என்று கேட்டேன்.

"வீட்டில இருந்தாலும் அதே வானம்தானே. இஞ்ச எண்டால் பக்கத்தில பங்கர் இருக்கு."

உம்மோடு கதைத்து வெல்ல ஏலாது. பழுதாய்க் கிடந்த கொம்பியூட்டர் ஒன்றிலிருந்து கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றி சேர்வருக்குள் பூட்டி, எங்கேயோ தேடிப்பிடித்த கார்ப் பந்தயக் கேமையும் ஏற்றினீர். முதன்முதலாய் சுவிட்சைப் போட்டோம். எதிர்வீட்டு அக்கா சோற்றுப்பானையோடு பங்கருக்குள் இறங்கிவிட்டா. பிறகு ஏறி வந்து வேலியடியில் நின்று கத்தினா:

"அடி பிள்ளையள், குண்டு போடுற கிபிர் பிளேன் எண்டெல்லோ நினைச்சன்! உயிர் போயிட்டு வருது!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை. "உண்மையான கிபிர் வந்தால், இந்தச் சத்தத்துக்குள்ள எங்களுக்குக் கேக்குமோ?" என்று மட்டும் கேட்டீர். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கே விசிறிகளை எல்லாம் கழற்றினீர். பெட்டியின் மூடியையும் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்த மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தீர். சூடேறினால் ஆறவிட்டு விளையாடினோம். ஜெனரேற்றரைக் காணியின் அந்தத்துக்குக் கொண்டுபோய், சுற்றிவர மண்மூட்டை அடுக்கி, அங்கிருந்து வயர் இழுத்தீர். நான் ஆசையாய்க் கொண்டுவந்த ஸ்பீக்கரை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர். கார் ஓடும் சத்தம் இல்லாமல் என்ன பந்தயம் என்று பிள்ளைகள் சிணுங்கினார்கள்.

"விளையாடக் கண் போதும். ஒரு காது வெளியில இருக்கோணும்."

அப்படிச் சொல்லிவிட்டு வாசலில் கதிரையைப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி இருந்துவிடுவீர். "நீர் என்ன வாசல் வயிரவரோ? ஒருக்கா வந்து ஓடிப் பாருமன்" என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்! அந்த மெசினைச் செய்தவள் அதில் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை.

அந்த நாளிலும் வாசலில்தான் இருந்தீர். முரசுமோட்டைப் பிள்ளை, அந்த இரட்டைப் பின்னல்காரி, கடைசிச் சுற்றில் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். நீர் திடீரென்று எழும்பினீர். எனக்கு மேசை விசிறியின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ! பங்கருக்கு ஓடுங்கோ!"

"ரீச்சர், இன்னும் ஒரு வளைவுதான் ரீச்சர்!"

நீர் வயரைப் பிடுங்கி எறிந்தீர். திரை கறுத்தது. பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். கடைசியாய் நீர் உள்ளே குதிக்கும்போதுதான் எனக்கு அந்த இரைச்சலே கேட்டது. நிலம் தூக்கிப் போட்டது. தலையில் மண் கொட்டியது. பின்னல்காரி என் மணிக்கட்டை நோகப் பிடித்திருந்தாள். வெளியே வந்தபோது வகுப்பறைக்குக் கூரை இல்லை. திறந்து கிடந்த சேர்வருக்குள் உடைந்த ஓடுகளும் மண்ணும் நிரம்பியிருந்தன. பிள்ளைகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பின்னல்காரியோ பந்தயம் போய்விட்டதென்று விக்கி விக்கி அழுதாள்.

"நாளைக்கு முழுக்க ஓடலாம் பிள்ளை" என்றீர்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. மெசின் அதன்பிறகு உயிர்க்கவேயில்லை. பிறகு ஊரோடு சேர்ந்து நாமும் கிழக்கே, கடற்கரைவரை இடம்பெயர்ந்தோம். விமானம் என்றால் நீர் கேட்டிருப்பீர். தறப்பாள் கொட்டிலில் நீர் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கானை மூடிக்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்தது. விழுந்த பிறகுதான் சத்தம் வந்தது. அத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றிய காது உம்மைக் காப்பாற்றவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது.

நேற்று மேசைக்குக் கீழிருந்து எழும்பிப்போய் மகளின் விசிறிகளைக் கழற்றச் சொன்னேன். என்ன நினைத்தாளோ, கழற்றி மூடியையும் எடுத்துவிட்டாள். மேசை விசிறியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அவள் ஹெட்போனை மாட்டினாள். நான் அதன் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டேன்.

"அம்மா, இப்ப என்ன பிளேன் வரப்போகுது?"

ஹெட்போனை இரண்டு காதிலும் ஒழுங்காய் மாட்டிவிட்டு, கதிரையை இழுத்து வாசலில் போட்டு, திரைக்கு முதுகு காட்டி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஹெட்போனைக் கழற்றிக் கேட்டாள்:

"என்னம்மா, ஏதும் கேக்குதோ?"

"இல்லைப் பிள்ளை. நீ முடியுமட்டும் ஓடு."