மனுவின் நாலாம் பாரா

வேலூர்,
1933 ஆகஸ்டு 14.

தம்பி வில்சனுக்கு, அப்பா சொத்துக்காக நீ ஜில்லா கோர்ட்டில் போட்ட மனுவின் நாலாம் பாராவில் ‘காலமாகிவிட்டாள்’ என்று சத்தியம் செய்திருக்கிறாயே, அந்த அக்காள் இன்பம் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அத்தானும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையால் சுகம். நீயும் கோலாருக்குச் சுகமாய்ப் போய்ச் சேர்ந்திருப்பாய். கோர்ட்டை விட்டு நீ போன வேகத்துக்கு மத்தியான ரயிலைக் கட்டாயம் பிடித்திருப்பாய்.

உன் குட்டு எப்படி வெளிப்பட்டது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அப்பா வேலை பார்த்த தோல் டேனரியின் வண்டிக்கார முனிரத்தினம் கோர்ட்டுப் பக்கம் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் அப்பா பெயரைப் பார்த்திருக்கிறான். நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, டியூட்டியில் இருந்த என்னைக் கூப்பிட்டான். “இன்னாம்மா இது, ஞானாபரணம் ஐயாவுக்கு ஒரே வாரிசுன்னு தம்பி பேரு மட்டும் போட்டுக்கீது?” என்றான். மறுநாளே மனுவுக்கு நகல் எடுத்துப் படித்தேன். என் சாவுச் செய்தியை நானே படித்த பாக்கியம் உன்னால் கிடைத்தது.

விசாரணை அன்று கோர்ட்டு வாசலில் நின்ற தபேதார் என்னை உள்ளே விடவில்லை. “எங்கம்மா போற? சாட்சியா நீ?” என்றார். “இல்லீங்க, செத்துட்டதா எழுதினது என்னத்தான்” என்றேன். பேயைக் கண்டதுபோல வழி விட்டார். அப்பா பெயர் சொல்லி வழக்கைக் கூப்பிட்டதும் நான் எழுந்து நின்றேன். நீ பின்பெஞ்சில் துண்டால் முகத்தைத் துடைத்தாய். அப்புறம் பார்த்தால் பெஞ்சு காலி. நீ போனபின் நடந்ததை நான்தானே சொல்ல வேண்டும், கேள்.

உன் வக்கீல் சமாளித்துப் பார்த்தார். நான் கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டபோது அப்பா ஊரார் முன்னால், “எனக்குப் பொண்ணு இல்ல, செத்துட்டா” என்று சொன்னதை எடுத்துச் சொன்னார். அதைச் சொல்லிக் கொடுத்தது நீயாகத்தான் இருக்கும். ஜட்ஜ் கேட்டார்: “மகளுக்குக் கொடுக்கக் கூடாதென்றால் உயில் எழுதியிருக்கலாமே? கோபத்தில் சொன்ன பேச்சு உயிலாகுமா?” வக்கீல் உட்கார்ந்துவிட்டார். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவனுடைய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்பது சட்டம். கோலாரில் பெரிய கிளார்க்காய் இருக்கும் உனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவுகிற எனக்குத் தெரிந்தது.

டேனரி முதலாளி நிசார் அஹமது சாயபு கூண்டில் ஏறினார். தன்னிடம் இருந்த அப்பாவின் சேமிப்பை நீ போய்க் கேட்டபோது கோர்ட்டு உத்தரவு கொண்டுவரச் சொன்னாராமே, அவர்தான். “கடைசி மூணு மாசம் இந்தப் பொண்ணு கையாலதான் அவரு கஞ்சி குடிச்சாரு. மையத்தை அடக்கம் பண்றதுக்குக்கூட மகன் வர்ல சாப்” என்றார். உன் மனு தள்ளுபடி. சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் எனக்கு. அதற்கு வேண்டிய ஜாமீன் கையெழுத்தும் சாயபுவே போட்டார். நம் சபையில் உன்னோடு பாட்டுப் பாடியவன் ஒருவனும் முன்வரவில்லை.

பொய்ச் சத்தியத்துக்கு உன்மேல் நடவடிக்கை எடுக்கலாமா என்று ஜட்ஜ் என்னைக் கேட்டார். வேண்டாம் என்று கும்பிட்டேன். பாசத்தினால் என்று நினைத்து ஏமாறாதே. உன் குழந்தைகளின் முகம் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஆம்பூர் வீட்டிலும் அணைக்கட்டு ஊர் நிலத்திலும் சேமிப்பிலும் உன் பாதி உனக்கு வரும். உனக்குத் தராமல் இருக்க எனக்கு ஆசைதான். ஆனால் அப்பா பெற்ற பிள்ளை நீ என்று சட்டம் சொல்கிறது. அவரைப் பார்க்க வராததைச் சட்டம் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் கோர்ட்டில் சொல்லவில்லை. அப்பா தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டே, “வில்சன் வந்துட்டானா?” என்று கேட்பார். உனக்கு நாலு கடிதம் போட்டேன், பதில் இல்லை. துரை லீவு கொடுக்கவில்லையாம், வில்சன் அழுது எழுதியிருக்கிறான் என்று அவரிடம் சொன்னேன். அதை நம்பிக்கொண்டுதான் கண்ணை மூடினார். சத்தியம் செய்யாமல் நான் சொன்ன பொய் அது.

கல்லறைக் கல் ஆம்பூரில் தயாராகிறது. அடியில் பிள்ளைகள் பெயர் வெட்ட வேண்டும். கல்தச்சர் ஒரு பெயரா, இரண்டா என்று கேட்டார். என் பெயரை வெட்டிவிட்டு, கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வக்கீலை அனுப்பாதே. நீயே வந்து அவரிடம் உன் பெயரைச் சொல். மாதக் கடைசி வரை அவர் காத்திருப்பார்.

கர்த்தர் உன் பிள்ளைகளைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்காள்
இன்பம் சூசை