முதலில் மிதி, பிறகு பழம்

மதினி,

பாத்திரம் விளக்கும் பொடியைப் போட்டு எத்தனை தேய் தேய்த்தும் கையை விட்டு பிரேக் தூளின் வாசம் போகவில்லை. இரும்பும் கருகலும் கலந்த வாசம். மூக்கருகே கையைக் கொண்டுபோனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம். உங்களை நினைத்தால் அழுகைதான் வரும் என்று சொன்னார்கள். எனக்கு முதலில் வருவது சிரிப்புதான். அழுகையும் வரும், ஆனால் அது கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

இன்று காலை செம்பூரில் நம் கட்டடத்து காம்பவுண்டில், நம் வண்டியின் முன்சக்கர பிரேக் பேடுகளை நானே மாற்றினேன். தனியாக.

வேறு ஒரு நாளாக இருந்தால் இது பெரிய விஷயம் இல்லை. இன்று சாயங்காலம் கோபர்கைரனேயில் இருக்கும் என் மகளையும், அவளுடைய ஒரு மாதக் குழந்தையையும் அழைத்து வர வேண்டியிருந்தது. பிரேக் மிதித்தால் வண்டி கிறீச்சென்று அழுதது. "டாக்சி வச்சுக்குவோம். பச்சப்புள்ளய ஏத்தப் போறோம், வெளையாட்டா?" என்றார் இவர். அவர் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கும் அதே கேள்விதான். மகளோ போனில், "அம்மா, நீயே ஓட்டிட்டு வா. இல்லைன்னா நான் வரல" என்றுவிட்டாள். அவளுடைய பிடிவாதம் யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் அத்தை உங்களிடமிருந்து வந்தது.

ஜாக்கியை வைப்பதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தினேன். பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். அப்போதே நீங்கள் வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

நாம் இதில் இறங்கியதே ஒரு கோபத்தில்தானே. இரண்டு வீட்டுக்கும் பொதுவான வண்டி, ஓட்டுவது நாம் இரண்டு பேர். கேரேஜுக்குப் போனால் அந்த ஆள் நம் முகத்தையே பார்க்காமல், "பாய்சாப் கோ பேஜோ" என்றான். வீட்டு ஆம்பளையை அனுப்ப வேண்டுமாம். நீங்கள் வழி முழுக்கப் பொரிந்து தள்ளினீர்கள். "ஏட்டி, ஒங்கண்ணனுக்குப் பிரேக்கு எந்தக் காலுன்னே தெரியாது. அவரக் கூட்டிட்டு வரணுமாம்லா. போட்டும், நாமளே மாத்துவோம்."

மறு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு இந்தி வீடியோவை ஓடவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தோம். பேடைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலிப்பரை, பிரேக் குழாயில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டி வைக்க வேண்டும் என்றான் வீடியோக்காரன். கம்பிக்கு எங்கே போவது? மாடிக்கு ஓடிப்போய் ஒரு பாவாடை நாடாவோடு வந்தீர்கள். அதை இழுத்துக் கட்டிவிட்டு, "இது இருவது வருசமா என்னைய விட்டதில்ல, இதையா விட்டுரும்" என்றீர்கள். வாட்ச்மேன் வந்து, "பாபி, மெக்கானிக் கிதர் ஹை?" என்று மெக்கானிக்கைத் தேடினார். ஸ்பேனரை உயர்த்திக் காட்டி, "இதரிச் ஹை" என்றீர்கள். அதற்குப் பிறகு அவர் தூரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாடகம் பார்ப்பதுபோல உட்கார்ந்துவிட்டார்.

பேடை அழுத்தும் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளினோம், புதுப் பேடுகளைப் பொருத்தினோம், சக்கரங்களை மாட்டி நட்டுகளை இறுக்கினோம். எல்லாம் சரி. கடைசியில் மணியைப் பார்த்தீர்கள். நாலரைக்கு ராகு காலம். "வண்டிய அதுக்குள்ள நவுத்திரணும், ஏறு ஏறு" என்று என்னை ஸ்டியரிங் முன்னால் தள்ளிவிட்டு, இரண்டு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் சூடத்தைக் கொளுத்தினீர்கள். வீடியோவில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பேட் மாற்றியதும் பெடலைப் பலமுறை மிதித்து மிதித்து, பிஸ்டன் திரும்ப வெளியே வந்து பெடல் கெட்டியான பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்று அவன் சொன்னது அந்தப் பாக்கியில்தான். உலகத்தில் யாராவது ராகு காலத்துக்குப் பயந்து பிரேக் இல்லாமல் வண்டியை எடுத்திருப்பார்களா?

பழம் நசுங்கியது. பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரை போனது, வண்டி நிற்கவில்லை. நீங்கள் சூடத்தட்டோடு கூடவே ஓடி வந்தீர்கள், "நிறுத்துட்டி" என்றபடி. அப்போதும் தட்டு சாயவில்லை, சூடம் அணையவில்லை. யாரோ காம்பவுண்டில் போட்டுவிட்டுப் போன பழைய சோபா இருந்ததே, அதை உடனே அகற்ற வேண்டும் என்று கட்டடத்துச் செக்ரட்டரி ஆறு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாரே, அதில் போய் மெத்தென்று உட்கார்ந்தது நம் வண்டி. சோபாவுக்கு அந்தப் பக்கம் செக்ரட்டரியின் ஸ்கூட்டர். அவர் பால்கனியில் வாயைத் திறந்து நின்றார். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "அபி போலோ, சோபா மாங்தா கி நை?" என்றீர்கள், இப்போது சொல்லுங்கள், சோபா வேண்டுமா வேண்டாமா என்று. கட்டடமே சிரித்தது.

நான் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். இனி இந்த வண்டியைத் தொடவே மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் தட்டை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து என் பக்கத்துச் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டீர்கள். "மிதி. இன்னும் மிதி. கெட்டியா நிக்கா? சரி, ஸ்டேசன் வரைக்கும் போய்ட்டு வருவோம்." என் மேல் குற்றம் சொல்லவில்லை, தைரியமும் சொல்லவில்லை. வெறுமனே ஏறி உட்கார்ந்தீர்கள். என்னை அவ்வளவு நம்பியவர் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை, மதினி. திரும்பி வரும்போது சொன்னீர்கள்: "இனிம முதல்ல மிதி, பொறவு பழம்."

இன்று அப்படித்தான் செய்தேன். பெடல் கல்லாக நின்ற பிறகும், பயத்தில் இன்னும் கொஞ்சம் மிதித்தேன். பழம் வைத்தேன். டயமண்ட் கார்டனைச் சுற்றி வந்தேன், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது இவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். டாக்சிப் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள் உட்கார்ந்த சீட் அது. பெல்ட்டைப் போடச் சொன்னேன்.

மகளையும் பிள்ளையையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வாஷி பாலத்தைத் தாண்டி மான்கூர்டுக்கு வந்திருப்போம். ஓர் ஆட்டோ கையும் காட்டாமல் குறுக்கே திரும்பியது. மிதித்தேன். கிறீச் இல்லை, குலுக்கல் இல்லை. ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. இவர் டாஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. என்னால் பின்னால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை.

"அம்மா, டென்ஷன் நக்கோ, பதறாத" என்றாள் மகள். "அத்தை இருந்திருந்தா இந்நேரம் எறங்கிப்போய் அந்த ஆட்டோக்காரன் சட்டையப் பிடிச்சிருப்பா."

"புள்ள?" என்று கேட்டேன்.

பிள்ளை முழிக்கவே இல்லை, மதினி.