தண்ணீர்ச் சூடும் என் கையும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தம்பியும் நானும் நல்லபடி நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கண்ணு, எனக்கு ஒரு குழப்பம், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. தொட்டிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, அதுதான் சென்சாராம், வெளியே ஒரு பெட்டியில் தண்ணீரின் சூடு சிவப்பு எண்ணாகத் தெரியும். பத்தொன்பது வருஷமாக நான் கையை விட்டுப் பார்த்துத்தான் துணியைப் போடுகிறேன். பெட்டி ஐம்பத்திரண்டு என்கிறது, என் கைக்கோ வெதுவெதுப்புதான். மெஷின் பொய் சொல்கிறது என்று மேனேஜரிடம் மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன்.

நேற்று மெக்கானிக் வந்தார். கம்பிக்குள்ளே மெல்லிசாக ஒரு உலோகம் இருக்கிறதாம், சூடு ஏற ஏற அது மின்சாரத்தைக் கூடுதலாகத் தடுக்குமாம், அந்த வித்தியாசத்தைப் பெட்டி எண்ணாக மாற்றுகிறதாம், அவ்வளவுதாம்மா, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார். இவ்வளவு நீள ஒயரில் போவதற்குள் சூடு ஆறிப்போகாதா என்று கேட்டேன். போறது சூடு இல்லம்மா, சூட்டைப் பத்தின சேதி என்று சிரித்தார். பிறகு சாதாரண தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார், அதுவும் ஐம்பத்திரண்டுதான். நான் விடுவேனா, இதோ பாருங்க என்று மணிக்கட்டு வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்கிற நெட்டை ஓடிவந்து, ஐயோ அக்கா, கை மொளகாப்பழம் மாதிரி செவந்துபோச்சு, எடுக்கா என்று பிடித்து இழுத்தாள். எனக்கு விரல்களில் வலியே தெரியவில்லை.

அதிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. சூடு பட்டது நிஜம், தோல் சிவந்தது நிஜம், எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? போன வாரம் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் தெருக்கோடி வரை நடந்தேன், மறதி என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கரையா இருக்கும் அக்கா, சும்மா விடாதே என்கிறாள் நெட்டை. அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே வேலையை விடு என்பார். புகார்களைத் திருப்பி வாங்கிவிட்டேன். டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமைக்குச் சீட்டும் போட்டிருக்கிறேன், போகத்தான் பயமாக இருக்கிறது. ஆனால் நீ வந்து நிற்கும்போது உன் கன்னத்தைத் தொட்டால் எனக்குத் தெரிய வேண்டும் தங்கம், அதனால் போய்விடுவேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறக்காமல் போன் பண்ணு, அப்பா எடுத்தால் சும்மா கூப்பிட்டேன் என்று சொல்லு.

உன் அம்மா