முதலாளி வைத்த சந்தனம்

என்னங்க, இன்று நம் மகளின் காரில் பிடோக் வீட்டிலிருந்து தேக்கா சந்தைக்கு வந்தேன். சிவப்பு விளக்கில் நின்றதும் இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. "ஐயோ, அணைஞ்சிடுச்சுடி!" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன். "பெட்ரோல் மிச்சம் பிடிக்க அதுவா அணையும்மா, பயப்படாதீங்க லா," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் ஓட்டிய அந்தப் பழைய கார்தான் நினைவுக்கு வந்தது.

அவளுக்கு என்ன தெரியும்? அப்போது அவள் என் வயிற்றில் இருந்தாள். ஆயுத பூசை முடிந்த வாரம். சிங்கப்பூரை விட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஜவுளிக்கடை முதலாளி வாங்கிய ஆட்டோமேட்டிக் கார், கிளட்சே கிடையாது. நீங்கள் அதற்கு டிரைவர். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிறுத்தப் போனால் உயிரை விட்டுவிடும். சிராங்கூன் சாலை நடுவில், பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடிக்க, முதலாளிக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. "உனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியல. நாளைக்குச் சரியாகலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டார். வேலை போனால் அவர் வீட்டுப் பின்கட்டில் நாம் இருந்த அறையும் போகும். வயிற்றுப் பிள்ளையோடு எங்கே போவது?

பட்டறையில் கியர் பெட்டி போச்சு என்று கையை விரித்துவிட்டார்கள். நீங்கள் நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் வீட்டுப் பாதையில் மேலும் கீழும் ஓட்டினீர்கள். நிற்பதற்கு முன்பே கியரை நியூட்ரலில் தள்ளிப் பார்த்தீர்கள். அப்போதும் அணைந்தது. "கியர் இல்ல புள்ள. ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்தாலே மூச்சு முட்டுது இதுக்கு," என்றீர்கள். பானட்டைத் திறந்து, காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டர்மேல் குனிந்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் எட்டிப் பார்த்தேன். "இது என்னங்க, மஞ்சளா?"

சந்தனம். பூசையன்று முதலாளி ஸ்டியரிங்கிலிருந்து இன்ஜின் வரை தன் கையாலேயே பொட்டு வைத்தாரே, அதில் ஒன்று காற்றுப் போகும் துளையை அடைத்துக் காய்ந்திருந்தது. என் கொண்டை ஊசியை வாங்கி நோண்டி எடுத்தீர்கள். பிறகு வண்டி நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னப்பா கோளாறு?" என்று முதலாளி கேட்டபோது, "தூசி அடைப்பு முதலாளி," என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் வச்ச சந்தனம்னு சொல்றதுக்கென்ன? ஓட்டத் தெரியலன்னு சொன்ன மனுஷனாச்சே!" என்று, அவர் போனதும் உங்களிடம் பொரிந்து தள்ளினேன். "சொல்லி என்ன ஆகப்போகுது? விடு," என்றீர்கள். வேலை நிலைத்தது. மகள் அந்த அறையில்தான் தவழ்ந்தாள். ஒவ்வொரு பூசைக்கும் அவர் பொட்டு வைப்பார். அவர் உள்ளே போனதும் நீங்கள் இன்ஜின்மேல் வைத்ததைச் சத்தமில்லாமல் துடைப்பீர்கள்.

பாழாய்ப்போன அந்த "விடு"தான் என்னை இன்னும் வதைக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கும் "வாயுதான், விடு," என்றீர்கள். பல மாதமாக வலி இருந்ததை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் நீங்கள் போன பிறகு. இந்தக் கோபத்தைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். முதலாளியிடம் மறைத்தீர்கள், அது நம் பிழைப்புக்கு. என்னிடம் எதற்கு மறைத்தீர்கள்? நான் பக்கத்திலேயேதானே இருந்தேன்.