ஓடின உடம்பு

நானா,

உங்கள் கயிறு போன வெள்ளிக்கிழமை என்னிடம் திரும்பி வந்தது. உங்கள் மனைவி கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி, அதை ஒரு சீனிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த பிறகு முதல்முறையாக இவ்வளவு தூரம் வந்தவராம். பையைப் பிரித்ததும் குதிரை வியர்வையும் டீசலும் கலந்த அந்த மணம் கிளினிக் முழுக்க ஏறிவிட்டது. ஊசிக்குக் காத்திருந்த நாயொன்று எழுந்து நின்று குரைத்தது. கயிற்றில் நீங்கள் முடிந்துவைத்த சிவப்புத் துணி வெளிறிப்போயிருந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது.

“டொக்டர்ர சாமான், அவங்கட்டக் குடுத்திரு எண்டு மௌத்தாக முந்தியே செல்லி வெச்சிருந்தார்,” என்றார். கதிரையில் இருந்து தேநீர் குடித்தார். போகப் புறப்பட்டபோதுதான் கேட்டார்: “அந்தச் சிவலைக் குதிரைக்கு என்னதான் நடந்த டொக்டர்? அவர் ஒருநாளும் வாயத் துறக்கல்ல.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “குதிரைதானே, திடீரெண்டு வருத்தம் வரும். ஒண்டும் சொல்ல ஏலாது,” என்றேன். ஏழு வருடத்துக்கு முன் சொன்ன அதே பொய். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கையைக் கழுவினேன், மணம் போகவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, உப்புவெளி விடுதி முதலாளியின் குதிரைகளை மலைநாட்டுப் பந்தயத்துக்கு உங்கள் லொறியில் முதன்முதலில் ஏற்றிப்போன நாள்? லொறிப் பலகையில் சாய்ந்து நின்ற உங்களுக்கு நான் பெரிய விரிவுரையே நடத்தினேன். குதிரை தன் முழு வேகத்தில் ஓடினால் நிர்ப்பீடனம் குறையும், வெண்குழியங்கள் மந்தமாகும், ஒன்றிரண்டு நாளைக்கு நுரையீரல் கிருமியை எதிர்க்காது என்றெல்லாம். நீங்கள் காதைச் சொறிந்துகொண்டு கேட்டீர்கள்.

“அந்தச் சொல்ல உடுங்க டொக்டர், வாயில நிக்குதில்ல. காவல் எண்டு செல்லுங்க. ஓடின உடம்புக்குக் காவல் இல்ல, அப்பிடித்தானே?”

அப்படித்தான். ஐந்து வருடம் படித்து நான் கற்றதை நீங்கள் நாலு சொல்லில் முடித்துவிட்டீர்கள். அளவாக ஓட்டினால் காவல் பலப்படும். உயிரைக் கொடுத்து ஓடவிட்டால் காவல்காரனே களைத்து விழுந்துவிடுவான். அந்த நேரம் பார்த்து லொறியில் ஏற்றி, தலையை உயர்த்திக் கட்டினால் மூச்சோடு உள்ளே போன தூசியும் மணலும் சளியும் வெளியே வர வழியில்லை. குதிரை தலையைக் கவிழ்த்தால்தான் அது வடியும். இதை நான் சொன்ன மறுநாளே நீங்கள் ஒரு குதிரையைப் புல்லுத் தின்னவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து நான் தந்த கயிற்றை அளந்தீர்கள். “வாய் முழங்காலுக்குக் கீழ போகணும், வேற ஒண்டும் இல்லயே?” என்று கேட்டு, அந்த இடத்தில் சிவப்புத் துணியை முடிந்தீர்கள்.

கந்தளாயில் ஒருமுறை, தம்புள்ளையில் ஒருமுறை, கண்டி தாண்டி இன்னொருமுறை. ஒவ்வொரு இடத்திலும் லொறியை நிழலில் விட்டு, குதிரை தலையைத் தாழ்த்தி மூக்கைச் சீறும்வரை காத்து நிற்பீர்கள். லொறித் தரிப்பிடத்தில் மற்றவர்கள், “நானா குதிரைக்கு மூக்குச் சீறிவிடப் போறார்” என்று பகிடி பண்ணுவார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். ஒரு குதிரைகூட உங்கள் கையில் காய்ச்சலோடு போய் இறங்கியதில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை. விடுதியில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். முதலாளி நேரம் பார்க்கும் மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிவலையை நிலாவெளிப் பக்கக் கடற்கரையில் மூன்றுமுறை விரட்டி ஓடவிட்டார். பத்து மணிக்கு நான் வந்தபோது அது குளித்து நின்றது. வெப்பமானி சரியான அளவையே காட்டியது. தோல் மினுங்கியது. இந்த மினுக்கம்தான் நானா, எனக்கு எப்போதும் சத்துரு. உள்ளே காவல் விழுந்த குதிரையும் வெளியே மினுங்கும்.

“பாருங்கோ டொக்டர், என்ன வடிவாய் நிக்குது! மத்தியானம் ஏத்துவம், குதிரைக்குச் சுகம் எண்டு கடிதத்தில ஒரு கையெழுத்துப் போடுங்கோ,” என்றார் முதலாளி.

நீங்கள் என் அருகே வந்து மெல்லச் சொன்னீர்கள்: “இண்டைக்கு வாணாம் டொக்டர். இது ஓடின உடம்பு.”

நான் படிப்பித்ததையே எனக்கு நீட்டினீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் ஒரு லொறி டிரைவர் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற கோபம். மறைத்து எழுதி என்ன பயன், அதுதான் நடந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். சிவலை காலை உதறிக்கொண்டு நின்றது. கயிறு நீளமாக இருந்தால் காலில் சிக்கும் என்று முதலாளி பயந்தார். “கட்டையாய்க் கட்டுங்கோ நானா. வழியில நிப்பாட்டிக்கொண்டு நிக்காதேங்கோ, மழைக்கு முந்தி மலை ஏறுங்கோ,” என்றேன். நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு சிவப்புத் துணிக்கு ஒரு முழம் மேலே பிடித்துக் கட்டினீர்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல். பிறகு நெஞ்சில் நீர். இரண்டாம் கிழமை சிவலை செத்துப்போனது.

முதலாளி கிளினிக் வாசலில் வைத்து உங்களைக் கிழித்தார். “கண்ட கண்ட கடையில எல்லாம் நிப்பாட்டி, காத்துப் பிடிக்க வச்சுக் குதிரையைச் சாகடிச்சுப்போட்டான்!” அந்தப் பயணத்தில் நீங்கள் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. நான் சொன்னபடி செய்தீர்கள். நான் வாசற்படியில் நின்று, “தொற்று எப்படியும் வரலாம்” என்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துபோனீர்கள். அதற்குப் பிறகு ஒருவரும் உங்கள் லொறியில் குதிரை ஏற்றவில்லை. தர்ப்பூசணியும் சீமெந்தும் ஏற்றினீர்கள். தெருவில் கண்டால், “சுகமா டொக்டர்?” என்று கேட்பீர்கள்.

ஏன் நானா? எனக்கு அடங்காத கோபம் உங்களில்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, “டொக்டர்தான் கட்டையாக் கட்டச் சொன்னவ” என்று. நீங்கள் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ தெரியாது. ஆனால் இந்த ஏழு வருடம் இப்படி அரித்திருக்காது. உங்கள் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவே இல்லை.

இனி நேற்று நடந்ததைக் கேளுங்கள். முதலாளியிடம் இப்போது ஒரு கறுவல் குதிரை இருக்கிறது. நேற்றுக் காலையில் கடற்கரையில் அதே விரட்டல், மத்தியானம் லொறி. “பாருங்கோ டொக்டர், என்ன வடிவாய் நிக்குது!” ஒரு சொல்கூட மாறவில்லை. நான் மாட்டேன் என்றேன். இரண்டு நாள் விடுங்கோ, காலை மாலை காய்ச்சல் பார்ப்பம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். “சிவலைக்கு நடந்தது என்ர பிழை. டிரைவரின்ர பிழையில்லை,” என்று முதன்முதலாக வாய்விட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். “அது பழைய கதை டொக்டர். நீங்கள் கடிதம் தராட்டில் வேற டொக்டர் தருவார்.” தந்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. மருத்துவம் படித்தவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்!

புது டிரைவர் கப்பல்துறையில் இருக்கிறவர், வீட்டில் லொறியை நிப்பாட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கண்டி வீதியில் ஓடுவார் என்று தெரியும். உங்கள் கயிற்றை ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு போனேன். லொறி மரத்தடியில் நின்றது. கறுவலின் தலை கூரையைப் பார்த்தபடி கட்டியிருந்தது. டிரைவர் கையலம்பிக்கொண்டே வந்து சிவப்புத் துணியைக் கண்டார்.

“இது அந்தச் சிவலையைச் சாகடிச்ச நானாட கயிறெல்லோ?”

“அவர் சாகடிக்கேல்ல, தம்பி. அண்டைக்கு ஏத்தவேண்டாம் எண்டு அவர் சொன்னவர். நான்தான் கையெழுத்துப் போட்டனான். கட்டையாய்க் கட்டச் சொன்னதும் நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்களிட்ட ஏழு வருசமா வேற கதையெல்லோ கதைக்கிறாங்கள்,” என்றார். பிறகு லொறியில் ஏறி, பழைய கயிற்றை அவிழ்த்து, உங்கள் கயிற்றை வாங்கிக் கட்டினார். “எவ்வளவு விடவேணும் டொக்டர்?”

“அந்தத் துணிமட்டும். வாய் முழங்காலுக்குக் கீழ போகவேணும்.”

கறுவல் நம்பாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்லத் தலையை இறக்கி, ஒரு பெரிய சீறலாகச் சீறியது. பலகையிலும் என் சட்டையிலும் சளி தெறித்தது. டிரைவர் சிரித்துவிட்டார். கந்தளாயிலும் தம்புள்ளையிலும் நிறுத்துவதாகச் சொன்னார். நிறுத்துவாரோ, கறுவல் தப்புமோ, எனக்குத் தெரியாது. ஓடின உடம்பு அது, இரண்டு நாள் வேண்டும். ஆனால் நேற்றுப் பின்னேரத்துக்குள் லொறித் தரிப்பிடம் முழுக்கக் கதை போயிருக்கும். போகட்டும்.

கயிறு மலைக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது உங்கள் அந்த ஒரு சொல். காவல் என்பது குதிரையின் உடம்புக்குள் மட்டும் இருப்பது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் கேளாமலே ஏழு வருடம் எனக்குக் காவல் நின்றுவிட்டீர்கள். நாளைக் காலை கிண்ணியா பஸ்ஸில் வருகிறேன், நானா. உங்கள் மனைவி கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் காவல் வேண்டாம்.