தோத்த வாரத்து ரிப்பேர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், அதாவது உடம்புக்கு ஒண்ணும் இல்லை, சாப்பிடுறோம், அவர் தூங்குறார், நான் படுத்திருக்கேன். நீ எப்படி இருக்கேனு கேட்கக்கூடாதாம், நீயா வாய் திறக்கிற வரைக்கும் சும்மா விடணுமாம், அப்பா சொல்லியிருக்கார். நான் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்கலை, அதனால கேட்கிறேன், எப்படிடி இருக்கே? போன்ல கேட்டா நல்லா இருக்கேம்மா, வேலை இருக்கும்மா, அப்புறம் பேசுறேம்மானு வெச்சிடுறே. கடிதத்தை நடுவில கட் பண்ண முடியாது பாரு, அதான் பேப்பரை எடுத்துட்டு உட்கார்ந்துட்டேன். கையெழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே, லாண்டரில இந்த வாரம் பூரா ஹோட்டல் பெட்ஷீட்தான், இஸ்திரிப் பெட்டி பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு விட்டுப்போச்சு, காலும் வீங்கிக் கிடக்கு.

நீ விழுந்ததை நான் பார்க்கலை. உங்கப்பா பாக்ஸிங் மேட்ச்சையே ஒரு நாளும் பார்த்தவ இல்லை நான், உன்னுதைப் பார்ப்பேனா? லாண்டரிக்கார அக்கா தன் போன்ல போட்டு வெச்சாங்க, எல்லாரும் வேலையை விட்டுட்டுப் போய்ச் சுத்தி நின்னாங்க, நான் மட்டும் பின்னாடி துணி காயவைக்கிற பக்கம் போய் நின்னுக்கிட்டேன். முதல்ல ஒரே கூச்சல், அப்புறம் திடீர்னு சத்தமே இல்லை. யாரும் வந்து எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. அக்கா அவங்க கையாலேயே டீ கொண்டு வந்து கொடுத்து, என் பங்கு பெட்ஷீட்டையும் தானே மடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்த அம்மா லேசுல யாருக்கும் ஒரு துணி மடிக்கிற ஆளில்லை, அதுலேயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ எழுந்து உன் கால்லயே நடந்து போனதா அக்கா சொன்னப்புறம்தான் அந்த டீயைக் கையில எடுத்தேன். வீட்டுக்கு வந்தா வாசல்ல அப்பாவோட செருப்பு ரெண்டும் ஒட்டி நேரா நிக்குது. ஜெயிச்ச நாள்ல ஒண்ணு வாசல்ல கிடக்கும், ஒண்ணு நடு வீட்டுல கிடக்கும். நேரா இருந்தா தோல்வினு அர்த்தம், கல்யாணம் ஆன புதுசுலேயே நான் கத்துக்கிட்ட பாடம் அது. உள்ளே போனா பாத்ரூமுக்குக் கதவு இல்லை. கழட்டி சுவர்ல சாய்ச்சு வெச்சுட்டு, கீலைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார் மனுஷன்.

உனக்கு ஒரு விஷயம் இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. அப்பா ஜெயிச்சதைவிடத் தோத்ததுதான் அதிகம்னு உனக்குத் தெரியும், அவரே சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவார், புதுசா வர்ற பசங்க ஜெயிச்சுப் பழகணும்னா எதிர்ல ஒருத்தன் தோக்கணும்ல, அந்த உத்தியோகம்தான் எனக்குனு. ஆனா தோத்துட்டு வீட்டுக்கு வந்து என்ன பண்ணுவார்னு நீ கவனிச்சிருக்க மாட்டே. எதையாவது கழட்டுவார். நம்ம வீட்டுல ஆடாம நிக்கிற நாற்காலி, இழுத்தா வர்ற டிராயர், சத்தம் போடாம சுத்துற ஃபேன், எல்லாமே தோத்த வாரத்து ரிப்பேர்தான். ஜெயிச்ச வாரத்துல ஒரு ஆணி அடிச்சுக் கொடுத்ததில்லை. ஏன் இப்படினு ஒரு தடவை கேட்டேன். கையைச் சும்மா விட்டா அது திரும்பத் திரும்ப அந்த ரவுண்டுக்கே போகுது, அடிச்சிருக்க வேண்டிய அடியை இப்ப அடிச்சுப் பார்க்குது, அதான் அதுக்கு வேற வேலை கொடுக்கிறேன்னார். நீ குட்டிப் பொண்ணா பக்கத்துல உட்கார்ந்து ஸ்க்ரூவையெல்லாம் உள்ளங்கையில பொத்தி வெச்சுக்கிட்டு அவர் கேட்கக் கேட்க ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுப்பே. அப்பா வெளியே போகாம வீட்டுல இருக்கார்னு உனக்கு ஒரே கொண்டாட்டம். உதடு ஏன்ப்பா கிழிஞ்சிருக்குனு கேட்டா, கீழே விழுந்துட்டேன்மானு சொல்லுவார். அதுவும் பொய்யில்லைதானே.

தோத்துட்டு வந்த எத்தனை பேருக்கு இந்த அடுப்படியில காபி போட்டுக் கொடுத்திருப்பேன் தெரியுமா? அப்பாவோட கூட்டாளி மொட்டை இருந்தாரே, அவருக்கு ஒவ்வொரு தடவையும் ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியாது, க்ளவுஸ் இறுக்கம், தரை வழுக்கல், எதிராளி குட்டை. காபி ஆறிப்போற வரைக்கும் திட்டிட்டு அப்படியே பெஞ்சுல படுத்துக் குறட்டை விடுவார், விடிஞ்சா பழைய ஆளு. இன்னொருத்தர் நம்ம மாடிப்படியில உட்கார்ந்து ஊரைக் கூட்டுற மாதிரி அழுவார், மேல் வீட்டுக்காரங்க அவரைத் தாண்டித் தாண்டிப் போவாங்க. அவரும் தேறிட்டார். சிரிச்ச முகமா எல்லாருக்கும் கை கொடுத்துட்டு, ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டுப் போறாங்க பாரு, அவங்களைத்தான் தெருமுனை திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருப்பேன். நீ என்ன அனுப்பியிருக்கே? என் தப்புதான்மா, அவ நல்லா அடிச்சா, நான் ஓகேனு எழுதி, கூட ஒரு சிரிக்கிற பொம்மை வேற. அந்தப் பொம்மையைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்டி. ரெஃப்ரியைத் திட்டேன். அந்தப் பொண்ணைத் திட்டு. யாரும் கிடைக்கலைனா என்னைத் திட்டு, எனக்கென்ன புதுசா?

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். உன் கோச் அப்பாவுக்கு போன் பண்ணினார். நீ அவரைக் கேட்காமலே வேற எங்கேயோ ஒரு மேட்ச்சுக்குப் பேசிக்கிட்டு இருக்கியாம், தலையில அடிபட்டவங்களை டாக்டர் சரினு சொல்ற வரைக்கும் மேடை ஏத்தக்கூடாதுங்கிற சட்டத்தையெல்லாம் அங்கே மேட்ச் நடத்துற ஆளுங்க கண்டுக்க மாட்டாங்களாம். லைட்டைப் பார்த்தா இன்னும் தலை வலிக்குதுனு ஒரு நாள் கோச்கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டியாம். அப்பா பேசி முடிச்சுட்டு போனைக் கையிலேயே வெச்சுக்கிட்டு நின்னார், உட்காருங்கனு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் காது விஷயம் உனக்குத் தெரியும், இடது பக்கம் நின்னு பேசினா திரும்பிப் பார்க்க மாட்டார்னு நீகூடக் கிண்டல் பண்ணுவே. அது எப்படிப் போச்சுனு தெரியுமா? நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் ஒரு தடவை ரொம்ப மோசமா தோத்தார், ஒரு சின்னப் பையன்கிட்ட. அந்த ஒரு தடவைதான் வீட்டுல எதையும் கழட்டலை. அவமானத்தைத் துடைச்சுட்டு வந்துதான் மத்ததெல்லாம்னு, தலைவலி மாத்திரையை முழுங்கிட்டு உடனே அடுத்த மேட்ச்சுக்குப் போயிட்டார். நான் குறுக்கே நின்னு பார்த்தேன், தள்ளிட்டுப் போனார். அதுல ஜெயிச்சாரா தோத்தாராங்கிறதுகூட எனக்கு இப்ப ஞாபகம் இல்லை. அன்னைக்கு வந்தவர் செருப்போட உள்ளே வந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுதான் ஞாபகம் இருக்கு, நீ ஓடிப்போய் அப்பானு கூப்பிட்டே, அவர் வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தார். அதை ஒரு தடவை பார்த்துட்டேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை கண்ணு. பயமா இருக்கு, அவ்வளவுதான், இதை எப்படி நயமா எழுதுறதுனு எனக்குத் தெரியலை.

உனக்கு போன் போட்டுச் சொல்லுங்கனு அப்பாகிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. நான் சொன்னா அவளுக்கு உபதேசம் மாதிரி இருக்கும், தோத்தவளுக்கு அதைவிட எரிச்சல் கிடையாதுங்கிறார். பேச மாட்டார், கழட்ட மட்டும் செய்வார். ரிங்கை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்ப நீ தோத்ததுக்கு அவர் கழட்டுறார். பாத்ரூம் கதவை மாட்டி முடிச்சதும் அலமாரி, அது முடிஞ்சதும் நல்லா ஓடிக்கிட்டிருந்த தையல் மெஷின். கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டு, அக்கா, உங்க வீட்டுல என்ன, குடி மாறுறீங்களானு கேட்கிறான். இதுல கூத்து என்னன்னா, நிஜமாவே கெட்டுப்போனது அடுப்படிக் குழாய் ஒண்ணுதான், அதை மட்டும் தொட மாட்டேங்கிறார். சொட்டு சொட்டுனு பகல் முழுக்க, ராத்திரி முழுக்க. வாஷர் வாங்கி வந்து ஸ்பேனரோட ஜன்னல் மேல வெச்சிருக்கார், அப்படியே கிடக்கு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு பிளம்பரைக் கூப்பிடுறேன்னு கிளம்பினேன், என்கிட்ட குரல் உயர்த்தாத மனுஷன் ஒரு அதட்டு அதட்டினார். அதை யாரும் தொடக்கூடாது, அது அவளுக்குனு வெச்சிருக்கேன், அவ கைக்கு இப்ப வேலை வேணும்னார். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். நானும் அதுக்கப்புறம் பிளம்பர் பேச்சே எடுக்கலை.

அதனால வாடி. எதுலேயும் கையெழுத்துப் போடாதே, போட்டிருந்தா முடியாதுனு சொல்லிடு, அந்தக் கெட்ட பேரை நம்ம வீடு தாங்கும். நீ இன்னும் பத்து மேட்ச் தோத்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லை, கூப்பிட்டா திரும்பிப் பார்க்கணும், அது போதும். லைட் கண்ணுல படாம இருட்டா வெச்சுக்கிட்டுத் தூங்கு. மாத்திரையை வெறும் வயித்துல போடாதே. கோச்சை எதிரி மாதிரி நினைக்காதே, அவர் போன்ல பேசும்போது குரல் நடுங்கிச்சுனு அப்பா சொன்னார். நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும், தலையும் காதும் கண்ணும் முழுசா இருந்து ரொம்ப நாள் வாழணும்.

நீங்களும் ஒரு வரி எழுதுங்கனு பேனாவை நீட்டினேன். ரொம்ப நேரம் யோசிச்சு அப்பா எழுதினது கீழே இருக்கு.

குழாய் அப்படியேதான் இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்லை. மெதுவா வா. அப்பா.

மெதுவாவாம்! அவருக்கென்ன, கேட்கிற காதைத் தலையணையில அழுத்திப் படுத்துக்கிட்டா அவருக்கு ஒரு சொட்டும் கேட்காது. ரெண்டு காதும் கேட்கிறவ நான்தான் முழிச்சுக் கிடக்கிறேன். நீ சீக்கிரம் வா.

இப்படிக்கு,
குழாய்க்கு அடியில பக்கெட் மாத்த எழுந்து போற
உன் அம்மா